பறை அடிக்கச் சொல்லித் தருகிறோம். செய்யச் சொல்லித் தருகிறோமா?

பறை வாங்கினால் இப்போது கடையில் ஒரு ஸ்பேனரும் சேர்த்துத் தருகிறார்கள். இரும்புச் சட்டம், சுற்றிலும் போல்ட், மேலே வெள்ளை ஃபைபர். சத்தம் இறங்கினால் நட்டை முறுக்க வேண்டும், அவ்வளவுதான் பராமரிப்பு. திண்டுக்கல் வட்டாரத்தில் பள்ளி ஆண்டு விழா, கட்சிக் கூட்டம், கல்யாண ஊர்வலம் என்று எங்கே போனாலும் இந்தப் பறைதான் கண்ணில் படுகிறது. நானும் இதைத்தான் தோளில் மாட்டிக்கொண்டு போகிறேன். நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் அப்பாவுக்குப் பின்னால் நின்று குச்சி பிடிக்கப் பழகியவன் நான். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இத்தனை காலத்தில் என் கையில் இருக்கும் கருவி எப்படி எப்படியோ மாறிவிட்டது. அடிப்பவரை ஊர் மதிக்கத் தொடங்கியிருக்கிறது. செய்பவரை யாரும் கேட்பதே இல்லை. எனக்கு அதுதான் பெரும் குறையாக இருக்கிறது.

2025இல் பறைக் கலைஞர் மதுரை வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ விருது அறிவித்தபோது எங்கள் குழுவில் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. சாவு வீட்டு வாசலில் ஓரமாக நிறுத்திவைத்த கருவிக்கு நாட்டின் விருது. அந்த வாரம் முழுக்க அதுதான் பேச்சு. ஆனால், பறையில் தோல் போர்த்துகிறவருக்கு, சட்டம் கடைகிறவருக்கு என்ன விருது இருக்கிறது? விருதை விடுங்கள், வேலை இருக்கிறதா?

அப்பா வைத்திருந்தது வேப்பமரச் சட்டம். வளைந்த மூன்று துண்டுகளைச் சேர்த்து, மூட்டுவாயில் தகடு அடித்து வட்டமாக்கியிருப்பார்கள். சட்டத்தை ஆசாரி செய்து கொடுத்துவிடுவார். தோல் வேலை எங்கள் தெருவில் நடக்கும். கன்றுத்தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மயிரை வழித்துவிட்டு, உள்பக்கத்துச் சவ்வைக் கத்தியால் சீவ வேண்டும். அந்தச் சீவலில்தான் வித்தையெல்லாம் இருக்கிறது. ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெலிவாகவும் விட்டுவிட்டால் பறை பேசாது. அதற்கென்று தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். ஈரத்தோலை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். வெளிச்சம் எங்கே மங்குகிறதோ அந்த இடத்தில் கத்தி மறுபடி போகும். புளியங்கொட்டையை வறுத்து, தோடு நீக்கி, ஊறவைத்து அரைத்து, கூழாகக் காய்ச்சிச் சட்டத்தில் பூசுவார். அதன்மேல் தோலை இழுத்து ஒட்டி, ஓரத்தில் துளை போட்டு, வார் கோத்து இழுத்துக் கட்டி நிழலில் வைப்பார். “வெயில்ல வச்சா சீக்கிரம் காயும்ல தாத்தா” என்று நான் கேட்டபோது, “காயும் பேராண்டி, ஆனா வெடிச்சிரும்” என்றார். அவருக்குக் கூலியாக நெல்லோ, கொஞ்சம் காசோ கிடைக்கும். அவர் செய்த பறை எத்தனையோ திருவிழாவில் முழங்கியிருக்கிறது. அவர் பேரை எங்கள் தெருவுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது.

அடிப்பதற்கு முன்னால் காய்ச்ச வேண்டும். வைக்கோல், காய்ந்த பனையோலை, பழைய காகிதம், எது கிடைக்கிறதோ அதைக் கொளுத்திப் பறையைச் சூட்டில் காட்டுவோம். பச்சைத் தோல் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துத் தளர்ந்துவிடும். சூடு பட்டால் ஈரம் வெளியேறித் தோல் இறுகும். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே இருந்தால் சத்தம் மேலே ஏறிவருவது கேட்கும். ஏறியது போதும் என்று நிறுத்துகிற இடம் ஒன்று உண்டு. அதற்கு மேல் காட்டினால் ஒட்டு விட்டுவிடும், இல்லையென்றால் கிழிந்துவிடும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அரை மணி நேரம்கூடத் தாங்காது. ஊர்வலத்தை விட்டுவிட்டு நெருப்பைத் தேடி ஓடியிருக்கிறோம். துஷ்டி வீட்டுக்காரர் திட்டுவார். கூலியிலும் கை வைப்பார்.

எங்கள் பக்கம் முதலில் மாறியது சட்டம்தான். மரத்துக்குப் பதில் இரும்புப் பட்டை வந்தது. பிறகு வாருக்குப் பதில் போல்ட். கடைசியில் தோலுக்குப் பதில் ஃபைபர். குச்சி மட்டும் பெரிதாக மாறவில்லை. வலக்கைக்குப் பூவரசு அடிக்குச்சி, இடக்கைக்கு மூங்கில் சிண்டுக்குச்சி, இன்றும் அதேதான்.

ஃபைபர் வந்ததால் பறை செத்துவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கல்யாண மண்டபத்தில் வைக்கோல் கொளுத்த முடியுமா? பள்ளிக்கூட வகுப்பறையில் முடியுமா? 1990இல் சகோதரி சந்திரா திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி கலைக்குழு, தலித் இளம்பெண்கள் கையில் பறையைக் கொடுத்தது. அமெரிக்காவின் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்து இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் வந்து அவர்களைப் பற்றி ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்று ஆவணப்படமே எடுத்தார். ஆண்கள் மட்டும் சாவுக்கும் திருவிழாவுக்கும் அடித்துவந்த கருவி மேடைக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வந்து சேர்ந்த காலம் இது. மழையில் தளராத, நெருப்பு கேட்காத ஒரு பறை இந்தக் காலத்துக்குத் தேவையாகத்தான் இருந்தது.

ஆனால் சத்தம் ஒன்றல்ல. ஃபைபர் கணீரென்று தெறிக்கும், தூரம் போகும், கொஞ்ச நேரம் காதில் நின்று ரீங்கரிக்கும். தோல் அப்படி இல்லை. அடி விழுந்ததும் அடிவயிற்றில் இறங்கும், உடனே அடங்கும். அடுத்த அடிக்கு இடம் விட்டு அடங்கும். வேகமான உருட்டலில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்பது அதனால்தான். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அடித்துக் காட்டினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட வித்தியாசம் தெரிகிறது. எனக்கு இரண்டும் வேண்டும்.

தோல் போய்ச் செயற்கை முகம் வந்தது மேற்கத்திய டிரம்மிலும் நடந்ததுதான். 1950களின் நடுப்பகுதி வரை அங்கும் கன்றுத்தோல்தான். ஈரத்துக்குப் பயந்து பெரிய டிரம்முக்குள் மின்விளக்கு எரியவிட்டுச் சூடேற்றினார்கள். அமெரிக்காவில் ரெமோ பெல்லி 1957இல் பிளாஸ்டிக் முகம் செய்து விற்க நிறுவனம் தொடங்கினார். ராக் இசையும் ஹெவி மெட்டலும் அந்த பிளாஸ்டிக்கின் மேல்தான் ஏறி நின்றன. ஹெவி மெட்டலில் அடிக்கிற அடிக்குக் கன்றுத்தோல் தாக்குப்பிடித்திருக்காது. ‘அயர்ன் மெய்டன்’ என்ற ஹெவி மெட்டல் குழுவில் 1982இல் சேர்ந்த டிரம்மர் நிக்கோ மக்பிரெய்ன், 2024 டிசம்பரில்தான் சுற்றுப்பயணங்களிலிருந்து விலகினார். என்னைப் போலவே நாற்பது ஆண்டுக்கு மேல் கொட்டியவர். அவர் எந்தெந்தக் காலத்தில் எந்த டிரம் வைத்திருந்தார், சிம்பல் பைஸ்டி நிறுவனத்துடையது என்று அவருடைய ரசிகர்கள் ஒப்பிப்பார்கள். செய்தவர் பெயர் டிரம்மின் முகத்திலேயே அச்சாகியிருக்கும். இஸ்தான்புல்லில் தொடங்கிய ஜில்ஜியன் குடும்பம் 1623 முதல் சிம்பல் செய்கிறது. நானூறு ஆண்டு கழித்தும் அந்தக் குடும்பப் பெயருக்குத்தான் விலை. வாசிப்பவர் குறை சொல்ல, செய்பவர் திருத்த, அப்படித்தான் அந்தக் கருவிகள் வளர்ந்தன.

நம்மிடமும் அந்த உறவு இருந்தது. மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை எங்கள் மாவட்டத்துப் பழனிக்காரர். அவர் பெயர் இசை உலகம் முழுக்கத் தெரியும். ஆனால் மிருதங்கம் செய்த குடும்பங்களின் கதையைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று புத்தகமாக எழுதியது 2020இல்தான். அதன் வெளியீட்டுக்கு முதலில் இடம் தந்த கலாக்ஷேத்ரா, பிறகு அனுமதியை விலக்கிக்கொண்டது. மேடையில் மாலை வாங்கும் மிருதங்கத்தின் நிலையே இப்படி என்றால், பறைக்குத் தோல் போர்த்துகிறவரைப் பற்றி யார் எழுதுவார்கள்?

திண்டுக்கல் தோலுக்குப் பேர்போன ஊர். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவால் சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டதும், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகள் பற்றிச் சொன்ன தீர்ப்பில் நம் மாவட்டமும் இருந்ததும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அத்தனை தோல் புழங்கும் ஊரில் ஒரு பறைக்குத் தோல் கிடைப்பது பெரும்பாடு. பதனிட்ட தோல் பறைக்கு ஆகாது. மெத்தென்று இருக்கும், சத்தம் எழும்பாது. பறைக்குப் பச்சைத் தோல் வேண்டும். அது அறுக்கிற இடத்திலிருந்து மொத்தமாக வியாபாரிக்குப் போய்விடுகிறது. ஒற்றைத் தோல் கேட்டு நிற்கிறவனுக்கு யாரும் நின்று பதில் சொல்வதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோல் வேலையை எங்கள் பிள்ளைகள் விட்டதற்குக் காரணம் சோம்பல் இல்லை. செத்த மாட்டைத் தொடுகிறவன் என்று டீக்கடையில் தனி டம்ளர் வைத்த ஊர்கள் இவை. அந்த வேலையைச் செய்யச் சொல்லி மிரட்டியும் இருக்கிறார்கள், செய்ததற்காக விலக்கியும் வைத்திருக்கிறார்கள். ஃபைபர் பறை வந்தபோது எங்கள் பையன்கள் நிம்மதியாக மூச்சுவிட்டதற்கு மழை மட்டும் காரணம் இல்லை. பாரம்பரியத்தைக் காப்பாற்று என்று சொல்லி என் மகனை மறுபடி சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கச் சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. நானே சொல்ல மாட்டேன்.

அதனால்தான் இது அரசு செய்ய வேண்டிய வேலை என்கிறேன். பறை செய்வதைச் சாதியிலிருந்து பிரித்து ஒரு தொழிற்கல்வியாக வைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் கற்கலாம், கையுறையும் தண்ணீர் வசதியும் உள்ள கொட்டகையில் கற்கலாம், முடித்தவருக்குச் சான்றிதழ் தரலாம். கலை பண்பாட்டுத் துறை நாட்டுப்புறக் கலைகளுக்கு நடத்தும் பகுதிநேரப் பயிற்சியில் பறை அடிக்கச் சொல்லித் தருவதோடு, செய்யவும் சொல்லித் தரட்டும். நகராட்சி, மாநகராட்சி ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சிக் கூடங்களில் கருவி செய்பவர்களுக்கென்று ஒரு பங்குத் தோலை நியாய விலையில் ஒதுக்கட்டும். பள்ளிகளுக்கும் அரசு விழாக்களுக்கும் பறை வாங்கும்போது பாதியைத் தோல் பறையாக, செய்தவர் பெயரைச் சட்டத்தில் பொறித்து வாங்கட்டும். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் கருவி செய்பவரும் கலைஞர் என்ற கணக்கில் தயக்கமின்றிச் சேரட்டும். இதற்கெல்லாம் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை.

காலம் மட்டும் குறைவாக இருக்கிறது. தோலைச் சீவத் தெரிந்தவர்கள் நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, வேடசந்தூர்ப் பக்கம் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவர்களில் பலர் இப்போது அரசின் ஊரக வேலைத் திட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பயிற்றுநராக அழைக்க ஓர் அரசாணை போதும். இந்த ஆண்டே அதைப் போட வேண்டும்.