ஹோமோசிஸ்டீன் கூடினால் இறைச்சியை நிறுத்துவதா?



சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று இன்னும் என் மேசையில் இருக்கிறது. ஒரு சகோதரி தன் உம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறார். உம்மாவுக்கு 62 வயது. 11 வருடங்களாக நீரிழிவுக்கு மெட்போமின் மாத்திரை பாவிக்கிறார். அண்மையில் செய்த இரத்தப் பரிசோதனையில் ஹோமோசிஸ்டீன் 27 என வந்திருக்கிறது.

"இது கூடினால் மாரடைப்பு வருமாம். இறைச்சி, மீன், முட்டை தின்பதால்தான் கூடுகிறது என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். மூன்று மாதமாக உம்மாவுக்குச் சோறும் மரக்கறியும்தான் கொடுக்கிறோம். ஆனால் கால் விறைப்பு கூடிக்கொண்டே போகிறது. வைத்த சாமானை வைத்த இடம் மறந்துபோகிறார். வயது போனால் இப்படித்தானா?" என்று கேட்டிருக்கிறார்.

இம்மாதப் பக்கத்தை இந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறேன். நான் வைத்தியன் அல்லன். என்றாலும், உம்மாவின் மீதுள்ள அன்பினால் அந்த வீட்டார் செய்யும் காரியம் உம்மாவுக்கே தீங்காக முடியலாம் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஹோமோசிஸ்டீன் என்பது என்ன?

நாம் உண்ணும் புரத உணவுகளில் மெதியோனீன் என்ற அமினோ அமிலம் உண்டு. உடல் அதனைப் பயன்படுத்தும்போது இடையில் உண்டாவதே ஹோமோசிஸ்டீன். இது எல்லோருடைய இரத்தத்திலும் இருக்கிறது. ஒரு லீற்றருக்கு 5 முதல் 15 மைக்ரோமோல் வரை இருப்பது வழமையான அளவாகக் கொள்ளப்படுகிறது.

உடல் இதனைத் தேங்கவிடுவதில்லை. போலிக் அமிலத்தினதும் விற்றமின் பி12 இனதும் உதவியோடு ஒரு பகுதியை மீண்டும் மெதியோனீனாக மாற்றிக்கொள்கிறது. மறுபகுதியை விற்றமின் பி6 இன் உதவியோடு வேறொரு அமினோ அமிலமாக மாற்றிவிடுகிறது. இந்த விற்றமின்களில் ஒன்று குறைந்தாலும் வேலை தடைப்பட்டு, ஹோமோசிஸ்டீன் இரத்தத்தில் சேரத் தொடங்குகிறது.

சாப்பிட்ட பீங்கான்கள் குசினியில் கழுவப்படாமல் குவிந்து கிடந்தால் நாம் என்ன செய்வோம்? பீங்கான் சேருகிறது என்பதற்காக வீட்டாரைப் பட்டினி போடுவதில்லை. குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்றுதான் பார்ப்போம். ஹோமோசிஸ்டீன் விடயமும் இப்படித்தான்.

இதன் மீது பழி வந்த வரலாறு

1933ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 8 வயதுச் சிறுவன் ஒருவன் பாரிசவாதத்தினால் இறந்தான். அவனுடைய நாடிகள் ஒரு முதியவரின் நாடிகளைப் போலத் தடித்துப் போயிருந்தன. காரணம் எவருக்கும் புரியவில்லை. 1962இல் ஹோமோசிஸ்டீன் மிக அதிகமாகச் சேரும் ஓர் அரிய பரம்பரை நோய் கண்டறியப்பட்டது. அச்சிறுவனின் குடும்பத்துப் பெண் பிள்ளை ஒருத்திக்கு அந்நோய் இருப்பது பின்னர் தெரியவந்தது.

கில்மர் மெக்கலி என்ற வைத்தியர் அச்சிறுவனின் பழைய பதிவுகளைத் தேடியெடுத்து ஆராய்ந்தார். வேறொரு பரம்பரைக் குறைபாட்டினால் இறந்த 2 மாதக் குழந்தையின் நாடிகளிலும் அதே சேதம் இருந்தது. இருவருக்கும் பொதுவாக இருந்தது ஹோமோசிஸ்டீன் கூடியிருந்தமையே. நாடிகளைக் கெடுப்பது இதுவாக இருக்கலாம் என அவர் 1969இல் எழுதினார்.

பின்னர் நடந்த ஆய்வுகளில், ஹோமோசிஸ்டீன் ஓரளவு கூடியவர்களுக்கும் மாரடைப்பு, பாரிசவாதம், நாளங்களில் இரத்தம் உறைதல், முதுமையில் மறதி நோய், எலும்பு முறிவு ஆகியவை கூடுதலாக ஏற்படுவது காணப்பட்டது.

அப்படியானால் மாத்திரை போட்டு அதனைக் குறைத்தால் மாரடைப்பும் குறைய வேண்டுமல்லவா? 2006இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 5,522 பேரைச் சராசரியாக 5 வருடங்கள் கவனித்தார்கள். விற்றமின் மாத்திரையினால் ஹோமோசிஸ்டீன் குறைந்தது. பாரிசவாதமும் ஓரளவு குறைந்தது. மாரடைப்போ குறையவில்லை. சீனாவில் இரத்த அழுத்தமுள்ள 20,702 பேரிடம் செய்யப்பட்டு 2015இல் வெளியான ஆய்விலும், அழுத்த மாத்திரையோடு போலிக் அமிலமும் எடுத்தவர்களுக்கு முதலாவது பாரிசவாதம் குறைவாகவே ஏற்பட்டது. ஆகவே இந்த எண்ணைக் கண்டு நடுங்கத் தேவையில்லை. அலட்சியம் செய்யவும் கூடாது. உடலில் எங்கோ ஒரு குறை இருக்கிறது, தேடிப் பாருங்கள் என்று அது நமக்குச் சொல்கிறது.

எதனால் கூடுகிறது?

போலிக் அமிலக் குறைவு ஒரு காரணம். கீரை வகைகள், பருப்பு, கடலை, பயறு, ஈரல் ஆகியவற்றில் இது உண்டு. கீரையை நீண்ட நேரம் அவித்துத் தண்ணீரை வடித்து ஊற்றினால் அதில் பெரும்பகுதி போய்விடும்.

பி12 குறைவு மற்றொரு காரணம். இது இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றிலிருந்தே கிடைக்கிறது. மரக்கறியில் இல்லை. சிலர் வேண்டிய அளவு சாப்பிட்டும் உடல் அதனை உறிஞ்சிக்கொள்வதில்லை. வயது முதிர்ந்தவர்கள், இரைப்பையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்பிரசோல் போன்ற மாத்திரைகளை நீண்டகாலம் பாவிப்பவர்கள், மெட்போமினைப் பல வருடம் பாவிப்பவர்கள் இவர்களுள் அடங்குவர்.

இவை தவிர சிறுநீரகப் பாதிப்பு, தைரொயிட் சுரப்புக் குறைவு, புகைத்தல், பரம்பரை இயல்பு ஆகியவற்றாலும் கூடலாம்.

புரதம் தின்பதுதான் காரணம் என்றால், இறைச்சியும் மீனும் முட்டையும் பாலும் தொடாதவர்களுக்கு இது குறைவாக இருக்க வேண்டும். உண்மையில் அத்தகையோரிடம் இது கூடுதலாகவே காணப்படுகிறது. பி12 கிடைக்காமையே அதற்குக் காரணம்.

கால் விறைப்பும் மறதியும்

பி12 குறைந்தால் நரம்புகள் பாதிக்கப்படும். கால் விறைத்தல், கூச்சம், நடை தள்ளாடுதல், நாக்குப் புண், களைப்பு, மறதி ஆகியவை அதன் அறிகுறிகள். நீரிழிவினாலும் கால் விறைக்கும். மறதியை முதுமையின் கணக்கில் எழுதிவிடுகிறோம். இதனால் பி12 குறைவு பலரிடம் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. விரைவில் அறிந்து சிகிச்சை செய்தால் பெரும்பாலும் சுகம் கிடைக்கும். நீண்டகாலம் விட்டால் நரம்புச் சேதம் நிரந்தரமாகிவிடலாம்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. பி12 குறைந்தவர் போலிக் அமிலத்தை மட்டும் விழுங்கினால் இரத்தச்சோகை மாறியது போலத் தோன்றும். உள்ளே நரம்புச் சேதம் தொடர்ந்துகொண்டிருக்கும். பி6 மாத்திரையையும் அளவு கடந்து நீண்டகாலம் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். ஆகவே பார்மசியில் நாமாக வாங்கி விழுங்குவது சரியல்ல.

மணமாகும் பெண்களுக்கு

கடிதம் எழுதிய சகோதரியின் தங்கைக்கு விரைவில் திருமணமாம். அவருக்கும் ஒரு வார்த்தை. கர்ப்பத்தின் முதல் 4 வாரங்களுக்குள் குழந்தையின் முள்ளந்தண்டும் மூளையும் உருவாகும் குழாய் மூடிவிடுகிறது. அப்போது கர்ப்பமுற்றிருப்பதே பல தாய்மாருக்குத் தெரியாது. அந்நாட்களில் போலிக் அமிலம் போதாவிட்டால் குழாய் சரியாக மூடாமல் போகும் ஆபத்து கூடுகிறது. எனவே கர்ப்பத்தை எதிர்பார்க்கும் காலத்திலேயே தினமும் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் எடுக்க வேண்டும். உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் இப்போதே கேளுங்கள்.

சகோதரிக்கு என் பதில்

உம்மாவின் பீங்கானில் மீனையும் முட்டையையும் மீண்டும் வையுங்கள். சிறுநீரக நோய்க்காக வைத்தியர் வேறு கட்டுப்பாடு சொல்லியிருந்தால் மட்டும் அதைக் கேட்டு நடவுங்கள். மெட்போமினை நீங்களாக நிறுத்த வேண்டாம். பரிசோதனைத் தாளோடும் அவர் பாவிக்கும் எல்லா மாத்திரைகளோடும் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். "பி12 அளவையும் சிறுநீரகத்தையும் தைரொயிட்டையும் பார்க்க வேண்டுமா?" என்று கேளுங்கள். கால் விறைப்பையும் மறதியையும் மறைக்காமல் சொல்லுங்கள். பி12 குறைவுதான் என்றால் ஊசியோ மாத்திரையோ தருவார்கள்.

வயது போனால் இப்படித்தானா என்று கேட்டீர்கள். பரிசோதித்துப் பார்க்காமல் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் இந்த வாரமே போய் வாருங்கள்.