சராசரிக்குள் புதையும் சேரி

2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தேனி மாவட்டத்துக்கென்று தனி அறிக்கை இருக்கிறது. ரத்தசோகை எத்தனை சதம், எடை குறைந்த பிள்ளைகள் எத்தனை சதம், எல்லாம் உண்டு. அதில் சேரி எங்கே என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி மாவட்டத்தில் ஐந்தில் ஒருவர் தலித். ஊரும் சேரியும் ஒரே சராசரிக்குள் புதைக்கப்பட்டிருக்கின்றன.

கேட்டால், 'மாவட்டத்துக்குச் சில நூறு வீடுதான் மாதிரி. கம்பம் ஒன்றியத்துச் சேரிகளை மட்டும் பிரித்தால் ஒரு கை விரலுக்குள் அடங்கிப் போகும், அதை நம்பி எதையும் சொல்ல முடியாது' என்பார்கள். அது சரிதான். ஆனால் வேற வழியே இல்லைன்னு சொல்றதுதான் பொய். அமெரிக்காவில் ஒவ்வொரு கவுண்டியின் வறுமையையும் கணிக்க, மாதிரிக் கணக்கெடுப்போடு வரிப் பதிவுகளையும் உணவு உதவிப் பதிவுகளையும் சேர்க்கிறார்கள். மாதிரி மெலிந்த இடத்தில் பதிவேடு தாங்கிப் பிடிக்கிறது.

நம்மிடம் பதிவேட்டுக்கா பஞ்சம்? நூறு நாள் வேலைப் பதிவுகளில் தலித் குடும்பங்கள் தனியே குறிக்கப்பட்டன. ஆதிதிராவிடர் நல விடுதி, கல்வி உதவித்தொகை, பள்ளிச் சேர்க்கை என்று அலுவலகம் அலுவலகமாகக் கிடக்கின்றன. இவற்றைக் கணக்கெடுப்போடு இணைத்தால் ஒன்றியவாரியாக, சேரிவாரியாகக் கணிப்புத் தர முடியும்.

ஆனால் தோழர்களே, பதிவேடு ஒன்றும் வேதமில்லை. விடியுமுன்னே ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போகிற நம்ம அக்கா நூறு நாள் வேலைப் பதிவில் இருக்க மாட்டாள். கணக்கெடுக்கிறவர் பத்து மணிக்கு வந்தால் வீடு பூட்டிக்கிடக்கும். இரண்டிலும் அவள் இல்லை. பள்ளிப் பதிவேட்டில் பேர் இருக்கும், பிள்ளை அவளோடு தோட்டத்தில் இருக்கும். பதிவேட்டில் விட்டுப்போனவர் கணிப்பிலும் விட்டுப்போவார். 1892 ஆணைப்படி ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள் இன்று யார் யார் பெயரில் நிற்கின்றன என்று பார்த்தவர்களுக்கு, எழுதுகோல் யார் கையில் என்பது தெரியும்.

1932இல் லோதியன் குழு முன்பு, தீண்டப்படாதோர் எத்தனை பேர் என்பதே சண்டையானது. எண்ணிக்கையைக் குறைத்தால் உரிமையும் குறையும் என்று அண்ணல் அன்றே கண்டுகொண்டார்.

ஆகவே நம் கோரிக்கை இரண்டு. பதிவுகளை, ஆள் பெயரை நீக்கிவிட்டு, சாதிவாரியாகவும் ஊராட்சிவாரியாகவும் வெளியிடு. கணிப்பை அறிவிக்குமுன் சேரியில் வைத்துச் சரிபார்.

மாணவத் தோழர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். ஒரு சேரியை எடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பதிவேட்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள். ஜீப் திரும்புகிற அந்தி நேரத்தில் வீடு வீடாகப் போங்கள். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இடையில் விழுகிற பள்ளத்தில்தான் நம்ம சனம் கிடக்குது.