முதியோர் மன்றமும் அதனைத் தாங்கும் சங்கமும்

நம் கல்லூரி மாணவர் ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்புத் திருநாளையொட்டி இவ்வூர் முதியோர் மன்றத்திற்குச் சென்று, கீர்த்தனை பாடி, பழமும் இனிப்பும் வழங்கி, நிழற்படம் எடுத்துக்கொண்டு மீள்வது வழக்கம். இவ்வழக்கத்தை இகழ யாம் முற்படவில்லை. யாமும் அக்கூட்டத்தில் நின்று பாடினவரே. ஆயினும், முதியோர்க்குத் துணை செய்தல் என்னும் பெயரால் நிகழ்வனவற்றுள் மிக எளியதும் மிகக் குறைந்த பயனுடையதும் இதுவே என்பது எமது துணிபு. அதற்குக் காரணம் கூறுதல் எம் கடன்.

முதியோர் காலையில் வந்து கூடி, மாலையில் இல்லம் திரும்பும் மன்றங்களுள் முற்பட்டதாக அமெரிக்கர் குறிப்பது, நியூயார்க் மாநகரின் பிராங்க்ஸ் பகுதியில் 1943-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற வில்லியம் ஹாட்சன் மன்றமாகும். ஹாட்சன் என்பார் அந்நகரத்துப் பொதுநல இலாகாவின் தலைவராயிருந்து, அவ்வாண்டின் தொடக்கத்தில் விமான விபத்தில் இறந்தவர். மன்றம் தோன்றிய வரலாறு நம்மனோர் கருதத்தக்கது. அரசாங்கத்தின் உதவிப் பணம் பெறும் முதியோர், கேட்டுப் பெற யாதும் இல்லாத நாட்களிலும் அலுவலகத்திற்கு வந்து உத்தியோகஸ்தரோடு பேசிக்கொண்டிருந்தனராம். அவர்கள் தேடி வந்தது பேச்சுத் துணையே என்பதை அவ்வுத்தியோகஸ்தர் உணர்ந்தனர். வேறு அலுவலகமாயின் ‘வீணே வராதீர்’ என்று ஓர் அறிவிப்புப் பலகை தொங்கியிருக்கும்.

பின்னர் 1965-ஆம் ஆண்டில் அந்நாட்டில் முதியோர்க்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1972-இல் அதனோடு உணவுத் திட்டமும் சேர்ந்தது. அறுபது வயது நிரம்பியவர் மன்றத்தில் ஒருங்கிருந்து உண்ணலாம். ஒருவேளை உணவில் ஒருநாட் சத்துத் தேவையின் மூன்றிலொரு பங்கேனும் இருத்தல் வேண்டும். இதற்கு விலையில்லை. ஆயின் விரும்பியவர் விரும்பியதைக் கொடுக்கலாம். கொடாதவர்க்கு உணவு மறுத்தலாகாது. யார் எவ்வளவு கொடுத்தார் என்பது பிறர்க்கு வெளிப்படுதலும் ஆகாது. இவ்விதியை யாம் பலமுறை எண்ணி வியந்ததுண்டு. ஏற்பது இகழ்ச்சி எனப் பயின்ற நாம், ஏற்போர் தலைகுனியாமல் ஏற்றற்கு வழி செய்தல் எங்ஙனம் என்று அத்துணை ஆராய்ந்தோமில்லை.

அத்தகைய மன்றங்கள் பலவற்றின் பின்னே ‘மன்ற நண்பர்’ என்னும் பெயர்போன்ற ஒன்றைத் தாங்கி, ஊதியங் கருதாத சங்கம் ஒன்று நிற்கும். ஊராட்சி கட்டடம் தரும். மேற்பார்வையாளர்க்குச் சம்பளமும் தரும். சித்திர வகுப்புக்கு வண்ணம் வேண்டும், உலாச் செல்ல வண்டி வேண்டும், வகுப்புக் கட்டணம் செலுத்த இயலாத கிழவர்க்கு அதனை ஓசையின்றிச் செலுத்த ஒருவர் வேண்டும். இவற்றுக்கு அரசாங்கக் கணக்கிலே தலைப்பு இராது. சங்கத்தார் பழம்புத்தகங்களை விற்றும், காலைச் சிற்றுண்டி விருந்து நடத்தியும், இறந்தோர் மரண சாசனத்தில் எழுதிவைத்ததைப் பெற்றும் பொருள் திரட்டி இக்குறையை நிரப்புவர். வண்டி ஓட்டுதற்கு ஆளாயும் வருவர். எனினும் மன்றத்தை ஆளுதல் அவர் தொழிலன்று. மன்றம் கேட்பதை அளித்தலே தொழில். கொடுப்பவன் தலைவனாகிவிடும் நம் நாட்டு வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்குக.

இது புதுமையன்று. எருசலேம் சபையிலே கிரேக்க மொழி பேசுவோரின் விதவைகள் நாடோறும் நடந்த பங்கீட்டில் விடப்பட்டனர் என்று முறுமுறுப்பு எழுந்தபோது, அப்போஸ்தலர் விருந்து ஒன்று வைத்து அதனை அடக்கினாரல்லர். நற்சாட்சி பெற்ற எழுவரை அவ்வேலைக்கென்றே நியமித்தனர். அவருள் ஒருவர் ஸ்தேவான். அவரை இரத்தசாட்சியாக நினைக்கும் நாம், பந்தி விசாரித்தவராக நினைப்பது அரிது.

நம் நாட்டிலும் முயற்சியில்லாமலில்லை. ஹெல்ப்ஏஜ் இந்தியா என்னும் சங்கம் 1978 முதல் உழைத்து வருகின்றது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டந்தோறும் வறிய முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லம் ஒன்று அமைத்தலைப் பற்றிக் கூறுகின்றது. அது உறைவிடத்தை நினைந்தது நன்றே. வீடும் மக்களும் இருந்தும், பகலெல்லாம் பேசுவாரின்றித் திண்ணையில் அமர்ந்திருப்பவர்க்கு அவ்வில்லம் பயன்படாது. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலேயே தமிழ்நாட்டு மக்களுள் நூற்றுக்குப் பதின்மர்க்கு மேற்பட்டோர் அறுபது கடந்தவர். அவருட் பெரும்பாலார் இல்லத்தவரல்லர், திண்ணையினரே.

இனி எமது குற்றத்தையும் கூறிவிடுகின்றோம். சென்ற திருநாளில் யாம் ஓர் ஆரஞ்சுப்பழத்தை நீட்டியபோது ஒரு மூதாட்டியார், “எனக்குச் சர்க்கரை வியாதி தம்பி, பழம் வேண்டாம். இந்தப் போனிலே எழுத்தைப் பெரிசாக்கிக் கொடுப்பீர்களா? மகன் அனுப்புவதை வாசிக்க முடியவில்லை” என்றார். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அதனைக் கண்ட அறுவர் தத்தம் கைப்பேசியோடு எழுந்து வந்தனர். ஒருவர்க்கு ஒலி கேட்கவில்லை. ஒருவர் வங்கியிலிருந்து வந்த செய்தி மெய்யோ வஞ்சகமோ என அறியாது அஞ்சியிருந்தார். மூவர்க்குச் செய்து முடிப்பதற்குள் பேருந்து ஒலியெழுப்பிற்று, நிழற்படத்திற்கும் அழைத்தனர். எஞ்சிய மூவரிடம் “பிறகு வருகிறோம்” என்று கூறி வந்தோம். சென்றிலோம்.

அன்று பேருந்து வாடகைக்கும், இனிப்புக்கும், துணிப் பதாகைக்கும் சென்ற பணம் ஓராண்டுக்கு அம்மன்றத்தின் செய்தித்தாட்களுக்குப் போதியிருக்கும். பதாகையில் மன்றத்தின் பெயரினும் நம் சங்கத்தின் பெயர் பெரிது என்பதையும் ஈண்டுச் சொல்லிவைக்கின்றோம்.

ஆகலின் எமது வேண்டுகோள் இது: நம் மாணவர் சங்கம் அம்மன்றத்தின் நண்பர் சங்கமாதல் வேண்டும். சனிக்கிழமைதோறும் நால்வர், இரண்டு மணி நேரம். கைப்பேசியும், கடிதமும், விண்ணப்பமும் அவர் வேலை. மத்திய அரசின் ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பர்த் திங்களில் தாம் உயிரோடிருத்தற்குச் சான்றளித்தல் வேண்டும். 2014 முதல் அதனை விரல்ரேகை கொண்டு கருவி வழியாகவும் அளிக்கலாம். உழைத்துத் தேய்ந்த விரலைக் கருவி ஏற்க மறுக்கும்போது அருகிருக்க ஒருவர் வேண்டும். எவ்வேலை முந்தியது என்பதை முதியோரே சொல்லட்டும். பாட்டு வேண்டுமெனின் பாடுவோம். அங்கே இந்துக்களும் முகம்மதியரும் உளர்; ஆதலின் அவர் கேட்பதையும் பாடக் கற்போம்.

தேர்வும் விடுமுறையும் குறுக்கிடுமே எனின், குறுக்கிடும். அதனாலன்றோ நால்வர் என்றோம், நாற்பதின்மர் என்றோமில்லை. தேர்வு வாரங்களில் வரமாட்டோம் என்பதை முன்னரே மன்றத்தார்க்கு உரைத்துவிடலாம். விடுமுறையில் உள்ளூர் மாணவர் பொறுப்பேற்கலாம். அவருள் இருவர் இசைந்துவிட்டனர்.

சங்க அறையின் வாயிலில் பெயர் எழுதத் தாள் ஒன்று ஒட்டியுள்ளோம். முதற் சனிக்கிழமைக்கு எம் பெயரை எழுதிவிட்டோம். அன்று அம்மூவர் கைப்பேசிகளையே முதலிற் பார்ப்போம்.