புராஜெக்ட் நம் தெருவுக்கும் வரட்டும்

பொறியியல் மாணவர் சிலர் இறுதியாண்டு புராஜெக்டைக் கடையில் வாங்குவது ஊரறிந்த ரகசியம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்திலோ 1995 முதல் மாணவர்கள் உள்ளூர் மக்களின் தேவைக்கு வடிவமைக்கிறார்கள். ஓர் அணி விட்ட இடத்தில் அடுத்த அணி தொடர்கிறது. இங்கும் 2014இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுக்கின்றன. நாம் கேட்பது ஒன்றே: வரும் மாணவர்கள் ஊராட்சி அலுவலகத்தோடு திரும்பிவிடாமல் ஆதிதிராவிடர் குடியிருப்புக்கும் வருகிறார்களா? சாக்கடை தேங்கும் தெரு, மழையில் பிணம் தூக்கிப் போக முடியாத சுடுகாட்டுப் பாதை இவையும் பொறியியல் கணக்குகள்தான். நம் பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருக்கிறார்கள். தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடுமே என்று தயங்குகிறார்கள். அதனால் அந்தத் தெருவுக்கு மாணவர்களை அழைத்துவர வேண்டியவர் ஆசிரியரே. அளவெடுக்கும் முன் அங்குள்ள பெண்களிடம் கேட்கட்டும்.