விசிறி இரைகிறது, திரையில் ஒன்றும் இல்லை



சென்ற மாதம் கிளிநொச்சிப் பக்கம் ஒரு சகோதரியின் வீட்டுக்குப் போயிருந்தேன். கல்யாண வீட்டு அல்பம் வடிவமைப்பதும் வீடியோ தொகுப்பதும் அவருடைய தொழில். அந்த வருமானத்தில்தான் இரண்டு பிள்ளைகளையும் படிப்பிக்கிறார். கடன் எடுத்து வாங்கிய கணனி அது. அந்தக் குடும்பத்துக்கு வயலும் அதுதான், மாடும் அதுதான். நான் போனபோது கணனி துணியால் மூடிக் கிடந்தது.

“மிஸ், சுவிச்சைப் போட்டவுடன கிபிர் வாறது போல இரையுது. திரையில ஒண்டும் வருதில்லை. எனக்கு நெஞ்சு பதறிப் போச்சு. அதுக்குப் பிறகு நான் தொடேல்லை” என்றார்.

திருத்தும் கடை ஒன்றுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். பெட்டியைப் பார்க்காமலே, “கிராபிக்ஸ் காட் எரிஞ்சு போச்சு, புதுசுதான் போடோணும்” என்று பதில் வந்திருக்கிறது. சொன்ன விலை அவருடைய மூன்று மாத உழைப்பு. வெள்ளிக்கிழமை ஒரு அல்பம் கொடுக்க வேண்டும். அதற்கும் மேலாக, “படமெல்லாம் அழிஞ்சிட்டுதோ மிஸ்?” என்ற பயம்.

முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துக் கொள்வோம். படங்கள் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். கிராபிக்ஸ் காட் என்பது படத்தைத் திரைக்கு அனுப்பும் பகுதி மாத்திரமே. காட் பழுதானாலும் படங்கள் அழிவதில்லை.

அடுத்தது அந்த இரைச்சல். காட்டில் உள்ள விசிறி எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்பதைக் காட்டே சூட்டைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. காட்டுக்கு மின்சாரம் வந்து, ஆனால் அது சரியாக வேலை தொடங்காவிட்டால், விசிறிக்குக் கட்டளையிட எவரும் இல்லை. அப்போது பல காட்களில் விசிறி முழு வேகத்தில் ஓடும். எனவே இரைச்சல் என்பது காட் எரிந்து விட்டதற்குச் சாட்சி அல்ல. எங்கேயோ ஒரு தொடுப்புச் சரியில்லை என்பதற்கான அறிகுறியாகவும் அது இருக்கலாம். எங்கள் நிலையத்துக் கணனிக்கு ஒருமுறை இப்படி வந்தபோது, திருத்த வந்தவரின் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் நானும் இதைப் பழகினேன்.

பெட்டியைத் திறக்க முன்னர் சுவிச்சை நிறுத்தி, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். பிறகு கணனியின் பவர் பொத்தானைப் பத்துச் செக்கன் அழுத்திப் பிடியுங்கள். மிஞ்சிய மின்சாரம் வெளியேறிவிடும். உள்ளே கை வைக்க முன்னர் பெட்டியின் இரும்புப் பாகத்தைத் தொடுங்கள். பவர் சப்ளை என்னும் இரும்புப் பெட்டியை மாத்திரம் ஒருபோதும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் அதனுள் மின்சாரம் தேங்கி நிற்கும்.

இனி வரிசையாகப் பாருங்கள்.

ஒன்று: மொனிற்றர் வயர் எங்கே செருகப்பட்டுள்ளது? கணனியின் பின்பக்கத்தில் மதர்போட்டுக்கும் துளை உண்டு, காட்டுக்கும் துளை உண்டு. காட் பூட்டிய கணனியில் வயர் காட்டின் துளையில் இருக்க வேண்டும்.

இரண்டு: காட்டுக்கென்று வரும் தனி மின்வயர். காட் செருகும் இடத்திலிருந்து 75 வாட் வரைதான் மின்சாரம் கிடைக்கும். பெரிய காட்டுக்கு அது போதாது. அதற்காகவே 6 முனை அல்லது 8 முனை வயர் வருகிறது. 6 முனை 75 வாட்டும், 8 முனை 150 வாட்டும் கொடுக்கக் கூடியவை. 8 முனை வயர் பெரும்பாலும் ஆறும் இரண்டுமாகப் பிரிந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடித்து, ‘டிக்’ என்று சத்தம் கேட்கும் வரை அழுத்துங்கள். புரொசெசருக்குப் போகும் வயரும் ஏறக்குறைய இதே போலத்தான் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றதைப் பலவந்தமாகச் செருக வேண்டாம்.

மூன்று: காட்டையே கழற்றிப் பூட்டுதல். பின்பக்கத் திருகாணியைக் கழற்றி, காட் செருகியுள்ள இடத்தின் நுனியில் உள்ள சிறு கொளுக்கியை விடுவித்து, காட்டை நேராக இழுங்கள். அதன் அடியில் பொன்னிறப் பட்டை தெரியும். அது மங்கியிருந்தால் மெல்லிய அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, காய்ந்த சுத்தமான துணியால் துடையுங்கள். மீண்டும் நேராக அழுத்திப் பூட்டுங்கள்.

நான்கு: அப்படியும் படம் வராவிட்டால், காட்டை எடுத்து வைத்துவிட்டு மொனிற்றர் வயரை மதர்போட்டின் துளையில் செருகிப் பாருங்கள். பல கணனிகளில் புரொசெசரே படம் காட்டும் வசதி உடையது. எல்லாவற்றிலும் இல்லை. படம் வந்தால் மற்றப் பாகங்கள் நலம். குறை காட்டில், அல்லது அதன் மின்சாரத்தில். படம் வராவிட்டால் ராம் போன்ற வேறு பாகங்களிலும் குறை இருக்கலாம்.

அந்தச் சகோதரியின் வீட்டில் நான் டோர்ச் மாத்திரமே பிடித்தேன். திருகாணியைக் கழற்றியது அவருடைய கை. மூன்றாவது படியில் காரணம் தெரிந்தது. இரண்டு கிழமைக்கு முன்னர் வீடு மாறியபோது, கிரவல் றோட்டில் லாண்ட்மாஸ்டரில் வந்திருக்கிறது கணனி. பாரமான காட் குலுங்கி, ஒரு பக்கம் மேலெழும்பி நின்றது. தனி வயரால் மின்சாரம் வந்து விசிறி ஓடியது. அடியில் தொடுப்பு இல்லாதபடியால் படம் வரவில்லை. அழுத்திப் பூட்டினார். சுவிச்சைப் போடும்போது அவரது கை நடுங்கியது. விசிறி ஒரு கணம் இரைந்து அடங்கியது. திரையில் மகளின் படம் வந்தது.

“இவ்வளவுதானே மிஸ்!” என்று சிரித்தார்.

எப்போதும் இவ்வளவுதான் என்று நான் சொல்ல மாட்டேன். காட் உண்மையாகவே பழுதாவதும் உண்டு. அப்போது திருத்துபவரிடம் மூன்று விடயம் கேளுங்கள். இந்தக் காட்டை வேறொரு கணனியில் பூட்டிப் பார்த்தீர்களா? கழற்றிய பழைய காட்டைத் திருப்பித் தருவீர்களா? உத்தரவாதக் காலத்தைப் பற்றுச்சீட்டில் எழுதித் தருவீர்களா? பாவித்த காட் வாங்குவதானால், ஓடவிட்டுப் படம் பார்த்த பின்னரே காசு கொடுங்கள். எதீரியம் என்னும் இணைய நாணயத்தை உருவாக்க இரவு பகலாக ஓடிய காட்கள், 2022 செப்டெம்பரில் அதன் முறை மாறியதும், பெருந்தொகையாகப் பழைய பொருட் சந்தைக்கு வந்தன. வெளியே பார்த்து அவற்றை அடையாளம் காண முடியாது.

இயந்திரம் ஆண்களின் வேலை, சமையல் பெண்களின் வேலை என்று பிரிப்பதைச் சமூகவியலில் பால்நிலை வேலைப் பிரிவினை என்பார்கள். போர் அந்தப் பிரிவினையை எங்கள் வீடுகளில் எப்போதோ உடைத்துவிட்டது. கூரை மேய்ந்தோம், கிணறு இறைத்தோம், கடன் கட்டினோம். ஆனால் ஒரு பெட்டியின் நான்கு திருகாணிகளைக் கழற்ற மாத்திரம் இன்னும் தயங்குகிறோம். அந்தத் தயக்கத்துக்கு நாம் கொடுக்கும் விலை சில வேளை மூன்று மாத உழைப்பு.

சத்தம் கேட்டால் ஓடி ஒளிந்துதான் நாம் உயிர் தப்பினோம். அந்தப் பழக்கத்தை எவரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தச் சத்தத்துக்கு ஓட வேண்டியதில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு, கிட்டப் போய்ப் பாருங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.