ஒலிபெருக்கியை எங்கே வைப்பது?

நம் சங்கத்தின் பொது அறையில் இரண்டு ஒலிபெருக்கிகள் உள்ளன. இரண்டும் புத்தக அலமாரியின் உச்சியில், சுவரை ஒட்டி, தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. பாட்டு தெளிவாக இல்லை, ஆகவே பெரிய பெட்டிகள் வாங்க வேண்டும் என்று உறுப்பினர் சிலர் கேட்கின்றனர். நான் அதை எதிர்க்கிறேன். முதலில் இருப்பவற்றைக் கீழே இறக்குங்கள்!

பெட்டி எதற்காக இரண்டு? சத்தத்தை இரட்டிக்கவா? அன்று. நமக்குச் செவிகள் இரண்டு. இடப்புறத்து ஓசை இடச் செவியை முதலில் எட்டுகிறது. வலச் செவிக்கு ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் பிந்தி வருகிறது, சற்று மெலிந்தும் வருகிறது. அந்த நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டே மூளை திசையை அறிகிறது. இங்கிலாந்துப் பொறியாளர் ஆலன் பிளம்லைன் இவ்வுண்மையை ஆதாரமாகக் கொண்டு ஸ்டீரியோ ஒலிப்பதிவு முறையை வகுத்து, 1931-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அக்காலப் பேசும் படத்தில் நடிகர் திரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடப்பார். குரலோ இருந்த இடத்திலேயே இருக்கும். அலமாரி உச்சியில் நாம் இன்று காப்பாற்றி வருவது அந்தப் பழைய குறையைத்தான்.

ஊரை விட்டு இத்தனை தொலைவில் படிக்கும் நமக்கு நேரில் கச்சேரி கேட்கும் வாய்ப்பு எத்தனை முறை கிட்டுகிறது? பெட்டிகள் செம்மையாக அமைந்தால் மேடையே முன்னால் விரியும். நடுவில், ஒன்றுமே இல்லாத வெற்றிடத்திலிருந்து பாடகரின் குரல் எழும். நமக்கு வலப்பக்கம் வயலின், இடப்பக்கம் மிருதங்கம். (மிகப் பழைய பதிவுகள் ஒற்றை ஒலிப்பதிவுகள். அவற்றில் வித்வான்கள் ஒருவர் மடியில் ஒருவராக நடுவிலேதான் அமர்ந்திருப்பர். அது பெட்டியின் குற்றமன்று.)

வழி எளிது. பெட்டிகளுக்கிடையே ஏழடி இருந்தால், கேட்பவரும் ஒவ்வொன்றிலிருந்தும் ஏழடி தள்ளி அமர வேண்டும், சமபக்க முக்கோணம். மேல்தாய் ஒலிகளைத் தரும் சிறிய வட்டம் காது மட்டத்தில் இருக்கட்டும். சுவரை விட்டு இரண்டடியேனும் முன்னே வரட்டும். மூலையில் தள்ளினால் தாழ்ந்த ஒலி வீங்கி, மிருதங்கம் அண்டாவை உருட்டுவது போலக் கேட்கும். கம்பிகளையும் பாருங்கள்: ஒரு பெட்டியில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் நடுக்குரல் சிதறிப்போகும்.

“இது ஒருவர் மட்டும் கேட்கும் சுகம், சங்கத்துக்கு ஆகுமா?” என்பர் சிலர். நியாயமான கேள்வி. ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. ஒரு பெட்டிக்கு ஒன்றரையடி நெருங்கி அமர்ந்தாலே அதன் ஒலி முந்திக்கொள்ளும். பாடகர் எழுந்து அந்தப் பெட்டிக்குள் போய்விடுவார். ஆகவே அறை நிறைந்த நாளில் இரு தடங்களையும் ஒன்றாக்கி ஒலிக்க விடுவோம். ஓரத்தில் இருப்பவருக்கும் எல்லா வாத்தியமும் கேட்கும். மற்ற நாட்களில் மூன்று பேர் முன்பின்னாக நடுக்கோட்டில் அமரலாம். இடத்துக்கு முறை வைத்துக்கொள்ளலாம்.

பெரிய பெட்டிகளைப் பற்றிச் செயற்குழு முடிவு செய்யுமுன் ஒரு மாதம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். செலவு, இரண்டு முக்காலிகளும் சில அடிக் கம்பியும். தூக்க இரண்டு பேர் போதும். அவர்களில் ஒருவனாக நான் வருகிறேன்.