பங்களாக் குளத்தைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்

ஐப்பசி பிறந்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சடங்கு நடக்கிறது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை, கடலைப் பார்த்த பங்களாக்கள் பலவற்றில் நீச்சல் குளத்து மோட்டாரை நிறுத்துகிறார்கள். மேலே ஒரு நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறார்கள். காவலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போனால், பொங்கல் விடுமுறைக்குத்தான் மறுபடி முகம் தெரியும். கேட்டால், "குளிர்காலம் சார், இப்போ யார் குளிக்கப் போறாங்க?" என்று பதில் வருகிறது.

இந்தப் பழக்கத்தின் பூர்வீகம் எனக்குத் தெரியும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் பிரான்ஸில் குடியேறிவிட்டார்கள். அங்கே வீட்டுப் 'பிசீனை' குளிர்காலத்துக்கு மூடி வைப்பதற்கு 'இவெர்னாஷ்' என்று தனிப் பெயரே உண்டு. அந்த ஊருக்கு அது நியாயம். தண்ணீர் 12 டிகிரிக்குக் கீழே போனால் பாசி வளர்வது அநேகமாக நின்றுவிடும். மருந்தைப் போட்டு மூடினால் வசந்தம் வரை கவலையில்லை. நம் கடலோரத்தில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. பகலில் வெயில் அடித்தால் குளத்துத் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும். பாசிக்கும் புழுவுக்கும் இதைவிட நல்ல விருந்து கிடையாது. போதாததற்கு, வருஷ மழையில் பாதிக்கு மேல் நமக்கு விழுவது இந்த மூன்று மாதங்களில்தான். அங்கே குளம் தூங்கும் காலம். இங்கே அது விழித்துக்கொள்ளும் காலம்.

தார்ப்பாய் என்ன செய்கிறது? நடுவில் தொய்கிறது. தொய்ந்த இடத்தில் சுத்தமான மழைத் தண்ணீர் தேங்குகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது இந்த மாதிரித் தண்ணீரைத்தான். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். அடியில் குளோரின் செத்துப் பச்சையாகிப் போன தண்ணீர் வேறு வகைக் கொசுக்களுக்கு. மேல் மாடி ஒருவருக்கு, கீழ்த் தளம் இன்னொருவருக்கு. திருக்கழுக்குன்றம் சங்கு தீர்த்தத்தில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சங்கு பிறக்கும் என்பார்கள். பங்களாக் குளத்தில் பத்து நாளைக்கு ஒரு தலைமுறை கொசு பிறக்கிறது.

"என் இடம், என் தண்ணீர்" என்று சொல்லும் கனவான்களுக்கு ஒன்று: ஏடிஸ் பகலில் கடிக்கும், மதில் ஏறிப் பறக்கும். பங்களாக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். காய்ச்சலில் படுப்பது மதிலுக்கு வெளியே குடியிருக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளை. கொசு வளரும்படி தண்ணீரைத் தேக்கி வைக்கக் கூடாது என்பதற்கு 1939-ஆம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டமே இருக்கிறது. ஓட்டுக் கூரை வீட்டுத் தொட்டியை எட்டிப் பார்த்துக் கண்டிக்கிற சுகாதாரப் பணியாளர், பூட்டிய இரும்புக் கேட்டுக்கு முன்னால் என்ன செய்வார்?

இன்னொரு கட்சி இருக்கிறது. "முழுசாக இறைத்துக் காலி பண்ணிவிட்டால் தொல்லை விட்டது" என்பவர்கள். ஒரு கணக்குப் போடுவோம். குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவனுக்குக் கணக்கு விடாது. எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 48,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி என்றால் நாலு லாரி. அத்தனையையும் மருந்தோடு தெருவில் திறந்துவிடுகிறார்கள். தை மாதம் மறுபடி நாலு லாரி வாங்குகிறார்கள். பக்கத்து நெம்மேலியில் கடல் தண்ணீரைக் கோடி கோடியாகச் செலவழித்துக் குடிநீராக்கும் ஊர் இது!

காலி பண்ணுவதில் அவர்களுக்கே ஆபத்து உண்டு. கடலோர மணலில் ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே ஏறி வரும். உள்ளே இருக்கும் 48 டன் தண்ணீரின் பாரம்தான் தொட்டியை அமுக்கிப் பிடித்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் தொட்டி படகு மாதிரி. கீழிருந்து தண்ணீர் தள்ளும், தரை வெடிக்கும், சில சமயம் தொட்டியே தூக்கிக்கொள்ளும். லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டியவருக்கு இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லையா?

செய்ய வேண்டியது பிரமாதமான வித்தை அல்ல. மோட்டாரைத் தினம் நாலு மணி நேரமாவது ஓட்டுங்கள். பெருமழை விட்டதும் தண்ணீரைச் சோதியுங்கள். மழை மருந்தை நீர்த்துப் போகச் செய்யும். குளோரின் லிட்டருக்கு ஒன்றிலிருந்து மூன்று மில்லிகிராம், பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் இருந்தால் சரி. இலை தழையை அன்றன்றைக்கு அரியுங்கள். அது கிடந்து அழுகினால் மருந்தெல்லாம் அதற்கே போய்விடும். புயல் எச்சரிக்கை வந்தால் மின் இணைப்பைத் துண்டித்து, மட்டத்தை நாலு விரல் இறக்கினால் போதும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது இதே மாமல்லபுரத்தை ஒட்டித்தான். காவலாளிக்கு இதற்கென்று தனியாகச் சம்பளம் கொடுங்கள். அவர் வேலை கேட் திறப்பது.

கொசுவைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு. தொய்ந்த தார்ப்பாய் குழந்தைக்குத் தரை மாதிரித் தெரியும். காவலாளிக்கும் குழந்தைகள் உண்டு, மதில் ஏறிப் பந்து பொறுக்கும் பையன்களும் உண்டு. கால் வைத்தால் பாய் சுருட்டிக்கொள்ளும். சத்தம்கூட வெளியே வராது. பிரான்ஸில் 2003 ஜனவரி 3-இல் ஒரு சட்டம் போட்டார்கள். தரையில் பதித்த வீட்டுக் குளம் எதுவானாலும் வேலி, பாரம் தாங்கும் மூடி, கூரை, அலாரம் இந்த நான்கில் ஒன்று கட்டாயம். 2006-க்குள் பழைய குளங்களுக்கும் அது வந்துவிட்டது. மீறினால் அபராதம் 45,000 யூரோ வரை. அந்த நாட்டிலிருந்து தார்ப்பாயை மட்டும் இறக்குமதி செய்தோம், வேலியை விட்டுவிட்டோம்.

வேலி இல்லாத குளத்துக்குக் கட்டட அனுமதி தரக் கூடாது, மழைக்கு முன் ஒரு முறை சோதனை வேண்டும் என்று இரண்டு பக்க மனு எழுதி வைத்திருக்கிறேன். நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கிராம சபையில் கொடுப்பதாக உத்தேசம். பட்டிபுலம், நெம்மேலிப் பக்கத்து அன்பர்கள் அவரவர் சபையில் கொடுக்க நகல் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன். கையெழுத்து நீலமோ கறுப்போ, மையில் இருக்கட்டும்.